ஒட்டி வைத்த தராசு

யு.கே.ஜி. ஸ்டெல்லா மிஸ் இன்று காலை இறந்துவிட்டார். புதுச்சேரி ஆஸ்பத்திரியில்... கிட்னி. நாற்பத்தாறு வயதுதான்.

மரக்காணத்தில் ஒரு நர்சரி பள்ளியில் நாங்கள் சேர்ந்து வேலை பார்த்தோம். நான் எல்.கே.ஜி. இரண்டு வகுப்புக்கும் நடுவில் ஒரு தட்டிதான்.

அந்தப் பள்ளி இப்போது அஞ்சலி போஸ்டர் போட்டிருக்கிறது. ‘எங்கள் அன்பு ஆசிரியை’யாம். அவரை வெளியே அனுப்பியதே நீங்கள்தானே...

மிஸ் வகுப்பில் ஒரு தராசு உண்டு. துணி மாட்டும் ஹேங்கர், இரண்டு கொட்டாங்குச்சி, கொஞ்சம் கயிறு. ஒரு பக்கம் உப்பு. மறுபக்கம் எதைப் போட்டால் சமமாகும் என்று பிள்ளைகளே கண்டுபிடிக்க வேண்டும். புளியங்கொட்டை, கிளிஞ்சல், சாக்பீஸ்... ஒருத்தி விழுந்த பல்லைக்கூடப் போட்டுப் பார்த்தாள்.

மழை நாட்களில் ஒரு கூத்து நடக்கும். முந்தின நாள் சமமாக நின்ற தராசு காலையில் உப்புப் பக்கம் சாய்ந்திருக்கும். நீதான் போட்டாய், அவன்தான் போட்டான் என்று ஒரே சண்டை. "நீங்களே கண்டுபிடிங்க" என்று மிஸ் விட்டுவிடுவார்.

ஒருநாள், உப்பளத்தில் வேலை செய்பவர்களின் பெண் ஒருத்தி உப்பைத் தொட்டுப் பார்த்தாள். "யாரும் போடல மிஸ்... உப்பு தண்ணி குடிச்சிருக்குது" என்றாள்.

மிஸ் தட்டியை விலக்கிக்கொண்டு வந்து, என் பாடத்தை நிறுத்தி, இதை என்னிடம் சொன்னார். முகமெல்லாம் சிரிப்பு.

அப்புறம் கண்காட்சி வந்தது. பெற்றோர் வரும்போது தராசு கோணலாக இருந்தால் அசிங்கம், நேராக நிற்க வேண்டும் என்று கரஸ்பாண்டென்ட் ஆர்டர் போட்டார். மிஸ்ஸுக்குத் தெரியாமல், ஹேங்கர் கொக்கியை ஆணியோடு சேர்த்து கம் போட்டு ஒட்டியாகிவிட்டது. தராசுக்கு கம். இதெல்லாம் ஒரு பள்ளிக்கூடம்... தூ.

மறுநாள் கண்காட்சியில், எல்லார் முன்னாலும் அதே பெண் உப்பை அள்ளி அள்ளிப் போட்டாள். தராசு அசையவே இல்லை.

"மிஸ், இது பொய் சொல்லுது" என்றாள்.

பெற்றோர் சிரித்தார்கள். மிஸ் சிரிக்கவில்லை. கிட்டே போய்ப் பார்த்தார், ஹேங்கரைப் பிடுங்கினார். உப்பெல்லாம் கரஸ்பாண்டென்ட் ஷூ மேல். "யாரோ ஒட்டி வெச்சிருக்காங்க. புள்ள சொல்றதுதான் சரி" என்று எல்லாரிடமும் சொன்னார்.

பள்ளியின் மானத்தை வாங்கிவிட்டாராம். அந்த வாரமே வேலை போனது. அதன் பிறகு எந்தப் பள்ளியும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

போன மாதம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அப்போதும் அந்தத் தராசைப் பற்றித்தான் பேசினார். "வேலை போனது போகட்டும் கௌரி. சின்னப் புள்ளைங்கள ஏமாத்தணும்னு அந்த மனுஷனுக்கு எப்படித்தான் கை வந்துச்சோ."

நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

கரஸ்பாண்டென்ட் ஆர்டர்தான் போட்டார். ஸ்டூல் மேல் ஏறி ஒட்டிய கை என்னுடையது.

போய் வாங்க மிஸ்...