மச்சினன் இடத்தில் ஒரு வெள்ளை நாய்

"எம்மவன் கை எதுக்குத் தங்கச்சி அந்தரத்துல நிக்கி?" என்று அந்த அம்மா கேட்டபோது, ஆல்பம் பிரிண்டுக்குப் போக வேண்டிய நேரம் நெருங்கியிருந்தது. ராஜபாளையத்தில் ஸ்டுடியோ வேலை பார்த்தே எனக்குத் தலை நரைத்துவிட்டது. ஆனாலும் அந்தக் கை என் கண்ணுக்குத் தப்பிவிட்டது.

சேத்தூர்க் குடும்பம் அது. மகளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாணம். பெண்ணின் தம்பி பட்டாளத்தில் இருக்கிறான், லீவு கிடைக்கவில்லை. குரூப் போட்டோ எடுக்கும்போது பெண்ணுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற இடத்தை அந்த அம்மா காலியாக விடச் சொல்லிவிட்டார். பெரியப்பா ஒருவர் தெரியாமல் நகர்ந்து வர, "அது எம்மவன் எடம், தள்ளி நில்லுங்க" என்று விரட்டியும் இருக்கிறார். மறுவீட்டுக்கு வரும் சம்பந்தி வீட்டார் கையில் கொடுக்கிற படத்தில் மகன் நிற்க வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை.

போன லீவில் எடுத்த படத்தைக் கொடுத்தார்கள். பையன் பட்டு வேட்டி சட்டையில் ஜம்மென்று நின்றான். பக்கத்தில் அவன் வளர்க்கிற ராஜபாளையம் நாய் மணி. அதன் தலைமேல் அவன் கை.

"கல்யாணப் போட்டோல நாய் எதுக்குச் செல்வி? தூக்கிரு" என்றார் எங்கள் முதலாளி அண்ணாச்சி.

தொட்டதைத் தானாகப் பிரித்தெடுக்கும் ஆட்டோ செலக்‌ஷனை டேப்லெட்டில் போட்டு நாயைத் தொட்டேன். நாயும் வெள்ளை, வேட்டியும் வெள்ளை. இரண்டும் சேர்ந்து செலக்ட் ஆகி, பையனுக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாமல் போனது.

"என்னம்மா, பட்டாளத்தான் காலயும் சேத்துப் பிடுங்கிட்ட?" என்று அண்ணாச்சி சிரித்தார்.

ஸூம் செய்து, வேட்டி ஓரமாகவே பேனாவால் வரைந்து செலக்‌ஷனைச் சரி செய்தேன். "ரப்பர் வச்சு அழி, சீக்கிரம் முடியும்" என்றார். நான் கேட்கவில்லை. படத்தின் மேல் லேயர் மாஸ்க் என்ற திரையைப் போட்டு, அதில் கறுப்புப் பிரஷ்ஷால் நாயை மறைத்தேன். மாஸ்க்கில் கறுப்பைப் பூசினால் படம் மறையும், வெள்ளையைப் பூசினால் திரும்ப வரும். மூலப் படத்துக்கு ஒன்றும் ஆகாது; ரப்பரால் அழித்தால் போனது போனதுதான்.

குரூப் போட்டோவின் காலி இடத்தில் பையனை நிறுத்தியதும் வெளிச்சம், கலர், காலடி நிழல் எல்லாம் ஒத்துவந்தன. முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் கையை நாங்கள் இருவருமே கவனிக்கவில்லை. அந்த அம்மா வந்ததும் கண்டுபிடித்துவிட்டார்.

"சின்னப்புள்ளைக்கு ஆசீர்வாதம் பண்ணுத மாதிரில்ல நிக்கான்!"

"வேற படம் அனுப்பச் சொல்லுங்கம்மா" என்றார் அண்ணாச்சி.

"அவன் இருக்க எடத்துல சிக்னலே கெடைக்காதுய்யா. சம்பந்தி வீட்டுல நாளைக்கு வாராக" என்றார். எனக்குப் பாவமாக இருந்தது.

"செத்த நேரம் இருங்கக்கா" என்று மாஸ்க்கைத் திறந்து வெள்ளைப் பிரஷ்ஷை எடுத்தேன். கைக்குக் கீழே பூசப் பூசக் காது வந்தது, இளஞ்சிவப்பு மூக்கு வந்தது, கடைசியில் மணி முழுசாக மணமேடையில் நின்றது.

"யாத்தே, மணி!" அந்த அம்மா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "அவன் போனதுலருந்து வாசல்லயே கெடக்கு. இது இல்லாம அவன் எப்பிடி நிப்பான்?"

புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: ரப்பரைத் தொடாதீர்கள், மாஸ்க் போடுங்கள். எது வேண்டாம் என்பதை அந்த வீட்டுக்காரர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மறுவீடு முடிந்து அந்த அம்மா ஸ்டுடியோவுக்கு வந்து, சிக்னல் கிடைத்ததும் படத்தைப் பார்த்துவிட்டு மகன் அனுப்பிய வாய்ஸ் மெசேஜைப் போட்டுக் காட்டினார்.

"எனக்குத்தான் லீவு கெடைக்கல. மணிக்கு யாரும்மா லீவு குடுத்தா?"

திரும்பப் போடச் சொல்லிக் கேட்டவர் அண்ணாச்சிதான்.