மணியடிக்காத மோட்டார்

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்த வேதகிரிக்குக் கை சும்மா இருக்காது. இரண்டாயிரத்து மூன்றிலோ நாலிலோ ஒரு மைக்ரோகண்ட்ரோலர் சிப்பை வாங்கி வந்து, பழைய கால்குலேட்டர் பட்டன்களைச் சேர்த்து, தன் கையாலேயே ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் செய்தான். அதற்கு நாலு வரி புரோகிராம் எழுதி ஓடவைப்பதற்குள் தாவு தீர்ந்துவிட்டது. பம்பு செட்டுக்கு த்ரீ பேஸ் கரண்ட் வந்ததும் அது முதலில் மணியடிக்கும். கிணற்றடியில் யாராவது இருந்தால் விலகட்டும் என்று கொஞ்சம் பொறுக்கும். பிறகு தானே மோட்டாரைப் போடும்.

அதை மானாம்பதியில் அண்ணன் பாண்டுரங்கனின் கிணற்றில் மாட்டினான். கரண்ட் எப்போது வரும் என்று கடவுளுக்கே தெரியாத காலம் அது. அண்ணனுக்கு வாயெல்லாம் பல். ஆனால் ஒரு வாரம்கூடப் போகவில்லை, கடைக்கே வந்து நின்றார்.

“டேய், உன் மணியால ஒரே பேஜாரா கீதுடா. அத்த கேட்டு ஊரே ஓடியாந்து மோட்டார் போட்டுடுது. வோல்டேஜ் எறங்கிப்போய் என் மோட்டார் தண்ணியே எடுக்கல. மணிய தூக்கிடு. கரண்ட் வந்தவொடனே ஓடணும்.”

“வேணாண்ணா. கெணத்தாண்ட யார்னா இருந்தா?”

“கரண்ட் இல்லாதப்ப அங்க எவன்டா இருக்கப்போறான்? பயிர் காயுதுடா!”

அண்ணன் பேச்சைத் தட்டிப் பழக்கமில்லை, பாவி. மணியையும் எடுத்தான், பொறுக்கும் நேரத்தையும் எடுத்தான். அதற்கப்புறம் ஊரார் மோட்டார் போட வருவதற்குள் அண்ணன் வயலில் தண்ணீர் பாய்ந்துவிடும்.

ஒரு நாள் பகலில் மோட்டாரின் பெல்ட் நழுவிக் கிடந்தது. கரண்ட் இல்லை. கரண்ட் இல்லாதபோது பியூஸ் கட்டையைப் பிடுங்கிவைக்கும் வழக்கம் அந்தப் பக்கம் யாருக்கும் கிடையாது. ஆள் போய்ப் போட்டால்தானே மோட்டார் ஓடும் என்று காலமெல்லாம் பழகியவர்கள். பாண்டுரங்கனும் அந்தப் பழக்கத்தில் குனிந்து பெல்ட்டை மாட்டினார். அந்த நேரம் பார்த்து, பாழாய்ப்போன கரண்ட் வந்தது. கழுத்தில் சுற்றியிருந்த துண்டைப் பெல்ட் இழுத்தது, துண்டோடு ஆளையும் இழுத்தது. தூக்கும்போதே உயிர் இல்லை.

காரியம் முடிந்ததும் வேதகிரி திருப்புளியோடு கிணற்றடிக்குப் போனான். அந்தக் குட்டிக் கம்ப்யூட்டரை உடைத்துப் போடாமல் இனிச் சோறு இறங்காது என்றிருந்தது அவனுக்கு. அண்ணி சிட்டம்மாள் பின்னாலேயே வந்துவிட்டாள்.

“இன்னா பண்ற?”

“ஒடைக்கப்போறேன் அண்ணி. அண்ணன கொன்னது இதுதான். இல்ல, நான்தான்.”

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒடைக்காத நைனா. இனிமே கரண்ட் வந்தா ஓடியாந்து மோட்டார் போட என் வூட்ல யாரு கீறாங்க?”