கம்பி பார்ப்பவர்

மூன்றாவது வளைவில் காரை நிறுத்திவிட்டு தனகோட்டி மேலே பார்க்கிறார். பின்னால் வந்த பந்தயக் கார்களெல்லாம் அவரைத் தாண்டிப் போய்விடுகின்றன. இருபது வருடத்துக்கு முந்தைய கம்ப்யூட்டர் விளையாட்டு அது. ஒரு முறைகூட அவர் பந்தயத்தை முடித்தது கிடையாது. அவருக்கு வேண்டியது, அந்த வளைவில் வேலியை ஒட்டிப் போகும் மின்கம்பி.

செஞ்சியில் முப்பத்தோரு வருடம் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் அவலூர்பேட்டை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் கம்பியைப் பார்த்தபடிதான் போவார்.

கம்ப்யூட்டரில் படத்தை வரைந்து காட்டும் கிராஃபிக்ஸ் கார்டு பழசாக இருந்தால் மெல்லிய கம்பி திரையில் துண்டு துண்டாகத் தெரியும். அதை ஒட்டவைத்து ஓரங்களை நைசாக்கும் வசதிக்கு ஆன்டி-அலியாசிங் என்று பெயர். தனகோட்டி அதை 'ஜாயின்ட்டு' ஆக்கிவிட்டார். 2002 முதல் 2010 வரை வந்த ஐந்து கார்டுகளை ரிப்பேர் கடைகளில் பொறுக்கி வைத்திருக்கிறார். ஒவ்வொன்றாக மாட்டி, ஜாயின்ட்டை அணைத்தும், அதன் அளவை இரண்டில் வைத்தும் நான்கில் வைத்தும், கம்பி எத்தனை இடத்தில் அறுந்திருக்கிறது என்று நோட்டில் எழுதுகிறார்.

"ரெண்டாயிரத்தாறு கார்டு கம்பியும் ஒட்டும், வேலியும் ஒட்டும். அதுக்கு முந்துன கார்டு கம்பிய ஒட்டிட்டு வேலிய வுட்டுடும்" என்றார், பார்க்கப் போயிருந்த என்னிடம்.

இரண்டு கண்ணிலும் புரை என்று டாக்டர் சொல்லி ஒரு வருடம் ஆகிறது. ஆபரேஷனுக்கு அவர் மசியவில்லை. பயம் ஒன்றுமில்லை. புதுக் கண்ணால் பார்த்தால், பழைய கண்ணால் எழுதியது எதுவும் ஒத்துவராதாம். ஐந்து கார்டையும் முதலிலிருந்து பார்க்க வேண்டிவருமாம். இந்த நியாயத்தைக் கேட்டு மனைவி அமிர்தவல்லி தலையில் அடித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது.

நான் போன அன்று மாட்டியிருந்தது 2002 கார்டு. ஐந்திலும் மட்டமானது, கடைசியாக மிச்சமிருந்தது. ஜாயின்ட்டு அணைத்திருந்தது. வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, கம்பி எங்கேயும் அறுந்திருக்கவில்லை என்றார். திரை எனக்கும் தெரிந்தது. சங்கடமாக இருந்ததால் நோட்டைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். அவருக்கே ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். காபி கொண்டுவந்த மனைவியை நிறுத்தினார்.

"வல்லி, கம்பி இன்னா மாதிரி இருக்குது, பாத்து சொல்லு."

அமிர்தவல்லி குனிந்து பார்த்தார். "ஏழு எடத்துல அறுந்துருக்குதுங்க."

தனகோட்டி எழுந்து, மனைவியை நாற்காலியில் உட்காரவைத்தார். நோட்டில் ஏழு என்று எழுதினார். 'பார்த்தவர்' என்று எப்போதும் தன் பெயர் போடும் இடத்தில், நோட்டைக் கண்ணுக்கு அருகே தூக்கிப் பிடித்துக்கொண்டு, 'அமிர்தவல்லி' என்று எழுதினார்.