மரத்தொட்டியா, செம்புத்தொட்டியா

எங்கள் பெரியப்பா தன் ஆயுளில் ஒரு கோவணத்தைக்கூடத் துவைத்தவர் இல்லை. ஆனால் துணி துவைக்கும் மிசினைப் பற்றி அவரோடு வாதாடி ஜெயித்தவர் கூடலூர்ப் பக்கத்தில் யாரும் கிடையாது. துவைக்காதவருக்கு இத்தனை ஞானம் எப்படி வந்தது என்று கேட்டிருக்க வேண்டியவர்கள் பெண்கள். எங்கள் வீட்டில் பெண்கள் கேள்வி கேட்பதெல்லாம் அடுக்களையோடு சரி. ஒருத்தி மட்டும் முற்றத்தில் இறங்கி நின்று கேட்டாள். அவளைத் திமிர் பிடித்தவள் என்று ஊர் இன்றைக்கும் சொல்கிறது. சொல்லிவிட்டுப் போகட்டும்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. குமுளிக்கு மேலே எஸ்டேட் வைத்திருந்த துரைமார் சிலர் பங்களாவைக் காலி செய்துவிட்டுக் கிளம்ப, சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. மற்றவர்கள் கட்டில், நாற்காலி, பீங்கான் தட்டு என்று எடுத்தார்கள். பெரியப்பா ஒரு மரத்தொட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். கால் வைத்த பீப்பாய் மாதிரி இருக்கும். மூடியின் மேல் பல்சக்கரம், பக்கத்தில் கைப்பிடி. கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே நாலு கட்டைகள் துணியைப் பிடித்து இப்படியும் அப்படியும் புரட்டும். அதன் மூடியில் கை வைத்துக்கொண்டு அவர் விளக்குவதைக் கேட்டால், இவரே செய்து சீமைக்கு அனுப்பி அது திரும்பி வந்ததோ என்று தோன்றும்.

மாமாவுக்கு அது பொறுக்கவில்லை. மாமா என் அம்மாவின் அண்ணன், கோம்பைக்காரர். பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் ஒரே தங்கையான என் அத்தையைக் கட்டியவர். பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம். ஒரே பந்தலில் இரண்டு தாலி. அங்கிருந்து அம்மா இங்கே வந்தாள், இங்கிருந்து அத்தை அங்கே போனாள். அத்தைக்கு மட்டும் குழந்தை இல்லை.

அடுத்த ஏலத்திலேயே மாமா ஒரு செம்புத்தொட்டியைப் பிடித்துவிட்டார். பெரியப்பாவுடையதைவிடப் பிந்திய மாடல். பக்கத்தில் முன்னும் பின்னும் தள்ளி இழுக்க ஒரு நெம்புகோல், தலைமாட்டில் துணி பிழிய இரண்டு ரப்பர் உருளைகள். அன்று தொடங்கியது வழக்கு. சந்தையில் பார்த்தாலும் அதுதான், காதுகுத்தில் பார்த்தாலும் அதுதான். ஒரு இழவு வீட்டில் பிணத்தை எடுக்கும் முன்பே ஆரம்பித்து, நாலு பேர் சேர்ந்து அதட்ட வேண்டியிருந்தது.

“மரம் தண்ணி குடிக்கக் குடிக்க இறுகும் மாப்ள. ஒரு பொட்டு ஒழுகாது.”

“காயவிட்டா வாயைப் பொளந்துருமே மச்சான். துணி இல்லாத நாளும் தண்ணி ஊத்தி அதைக் காவல் காக்கணும். செம்புக்கு அந்தக் கவலை உண்டா?”

“ஒன் ரப்பர் உருளை நம்ம வெயிலுக்கு எத்தனை நாளைக்கு? சட்டைப் பித்தானெல்லாம் நசுங்கிப் போகுதாம்ல.”

“ஒங்க பல்சக்கரத்துல ஒரு பல்லு போச்சுன்னா யுத்தம் முடிஞ்சாத்தான் மறுபல்லு. என் நெம்புகோல் ஆணி தேஞ்சா நம்ம ஊரு ஆசாரி அடிச்சுக் குடுத்துருவாரு.”

இந்த இருவருக்கும் நடுவராக ஒருவர் இருந்தார். பெட்ரோல் கிடைக்காததால் கரி அடுப்பைப் பின்னால் கட்டிக்கொண்டு கம்பத்துக்கும் கூடலூருக்கும் ஓடிய பஸ்ஸின் டிரைவர். தொட்டியில் காதை வைத்துக் கேட்டே நோவு சொல்லிவிடுவார் என்று பெயர். பஸ் நடுவழியில் நின்றால்தான் அவருக்கு ஒன்றும் கேட்காது. மூவரும் சேர்ந்தும் தீர்க்க முடியாத கேள்வி ஒன்று இருந்தது: வாழைக்கறையை எடுக்கும் தொட்டி எது? வாழை வைத்தவன் வேட்டியில் ஏறிய கறை வேட்டி கிழிந்தாலும் போகாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் இருவரும் தன் தன் தொட்டி எடுத்துவிட்டதாகவே சாதித்தார்கள்.

இவ்வளவு பேச்சிலும் தொட்டியை ஆட்டியது யார்? இங்கே பெரியம்மா, கோம்பையில் அத்தை. ஆம்பளை கையால் துணி துவைப்பது கேவலம், அதைப் பற்றிப் பேசுவது மட்டும் கௌரவம். போடியிலிருந்தும் உத்தமபாளையத்திலிருந்தும் மிசின் பார்க்க ஆட்கள் வருவார்களாம். மாமா நாற்காலி போட்டு உட்காரவைத்துக் காப்பி கொடுப்பார். அத்தை வந்து நெம்புகோலைப் பிடிக்க வேண்டும். வந்தவர்கள் போதும் என்று சொல்லும் வரை, அழுக்கே இல்லாத துணியைத் துவைத்துக் காட்ட வேண்டும்.

ஒருநாள் அந்தக் கரி பஸ்ஸில் ஒரு டிரங்குப் பெட்டியோடு அத்தை வந்து இறங்கினாள். ஆள் பாதியாக இளைத்திருந்தாள்.

“நான் இனி அங்கன போகமாட்டேன்” என்றாள்.

ஏன் என்று பெரியப்பா கேட்டதற்கு, “அந்த நெம்புகோலைப் பிடிச்சு ஆட்ட நான் பொறக்கல” என்றாள். அதற்குமேல் யார் எப்படிக் கேட்டும் வாய் திறக்கவில்லை.

ஊர் சிரித்தது. மாமியார் கொடுமை என்றால் புரியும், சக்களத்தி என்றால் புரியும். ஒரு தொட்டிக்காகப் புருசனை விட்டு வருவாளா ஒருத்தி? வாழ வழியிருந்தும் வணங்காத கழுத்து என்று பெண்களே சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

எனக்கு வேறு காரணமும் இருந்தது. கோம்பையிலிருந்து மாமா சொல்லி அனுப்பியிருந்தார்: என் பொண்டாட்டி வரவில்லை என்றால், அங்கே இருக்கிற என் தங்கச்சியை நான் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன். எடுத்த இடத்தில் கொடுத்தது உடைந்தால் கொடுத்த இடத்தில் எடுத்ததும் உடையும். அதுதான் வழக்கம். அப்பா, அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு பேசாதவர். பெரியப்பாவோ தங்கச்சியை அனுப்புவதா வேண்டாமா என்று தீர்மானம் இல்லாமல் திரிந்தார். எனக்கு அப்போது எட்டு வயது. அத்தை இருந்தால் அம்மா இல்லை என்பது மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அம்மா மாட்டுக் கொட்டத்துக்குப் போனாலும் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

மாமா அத்தையைக் கூட்டிப்போக வந்தபோது, வண்டியில் செம்புத்தொட்டியும் வந்தது. வண்டிக்குக் கீழே அவர் நாய் ஓடி வந்தது. பெண்டாட்டியை அழைக்க வருகிறவன் பூ கொண்டுவருவான், பலகாரம் கொண்டுவருவான். இவர் கொண்டுவந்தது தொட்டியை. கஞ்சி குடித்துக் கை கழுவுவதற்குள் வாக்குவாதம் முற்றிவிட்டது. டிரைவரும் வந்து சேர்ந்தார்.

“இன்னிக்கே ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துருவோம் மச்சான். என் தொட்டி செயிச்சா, ஒங்க தங்கச்சி மறுபேச்சு பேசாம இந்த வண்டியில ஏறணும்.”

“தோத்தா?”

“தோத்தா நான் கேக்கவே மாட்டேன். என் தங்கச்சியைக் கூட்டிக்கிட்டுப் போயிர்றேன். கணக்குச் சரியாப் போகும்.”

“சரி” என்றார் பெரியப்பா. அவருக்குத் தங்கச்சியும் நினைவில்லை, தம்பி பெண்டாட்டியும் நினைவில்லை. தொட்டிதான் நினைவில் இருந்தது. நான் எல்லாச் சாமியையும் கூப்பிட்டு, செம்புத்தொட்டியை ஜெயிக்க வைக்கச் சொல்லி வேண்டிக்கொண்டேன்.

அப்போதுதான் அத்தை முற்றத்தில் இறங்கினாள். ஆண்கள் கூடியிருக்கும் இடத்துக்கு எங்கள் வீட்டுப் பெண் அப்படி வந்து நான் பார்த்ததில்லை.

“ஏண்ணே, நான் என்ன சந்தைக்கு வந்த கிடாரியா? கயித்தை யாரு கையில குடுக்கன்னு தொட்டியக் கேட்டா முடிவு பண்றீக?”

“ஏ, உள்ள போத்தா” என்றார் பெரியப்பா.

“போறேன். என்னை வச்சுத்தானே பந்தயம்? அப்ப துணியும் நான்தான் குடுப்பேன். ஒரே சேலை, ஆளுக்குப் பாதி. கறையை எடுக்கிற தொட்டி செயிச்சது. ஆனா ஒண்ணு. பெரிய மதினியும் தொடமாட்டாக, நானும் தொடமாட்டேன். ஊறவைக்கிறதும் ஆட்டுறதும் பிழியிறதும் நீங்கதான். அதுக்குச் சம்மதம்னா நானும் பந்தயத்துக்குச் சம்மதம்.”

பெரியப்பா முகம் சிவந்தது. டிரைவர்தான், மிசினைப் பரீட்சை பார்ப்பது வேறு, துணி துவைப்பது வேறு என்று ஒரு நியாயம் கண்டுபிடித்துச் சமாதானம் செய்தார். ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டினார்கள்.

அத்தை அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஒன்றும் கேட்காமல் உள்ளே போய், டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு சேலையைச் சுருட்டி எடுத்து வந்தாள். முந்தானையைப் பிடித்தபடி நானும் கூடவே இருந்தேன். கறைக்கு நடுவே சேலையைக் குறுக்கே கிழித்து, கறை இருந்த இடத்தை மட்டும் மடித்துக் காட்டினாள். பழுப்பாக, காய்ந்து, விறைத்துப்போயிருந்தது.

“வாழைக்கறைதான்” என்று டிரைவர் பார்த்ததுமே சொல்லிவிட்டார். “அப்படிப் போடு! ரொம்ப நாளா நிக்கிற வழக்கு இன்னிக்குத் தீரும்.” மாமா நெம்புகோல் ஆணிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார், நிமிர்ந்து பார்க்கவில்லை.

சவுக்காரம் கிடைக்காத காலம். ஆளுக்குப் பாதிக்கட்டி போட்டார்கள். பெரியப்பா சுற்ற, மாமா இழுக்க, முற்றம் அதிர்ந்தது. மரத்தொட்டி கடகடத்தது, செம்புத்தொட்டி முனகியது. கொஞ்ச நேரத்தில் இருவருக்கும் மூச்சு வாங்கியது. நீரில் முழங்கை வரை கையை விட்டு, நுரையில் சுருண்டுகிடந்த துணியைத் தூக்கிப் பார்ப்பார்கள், மறுபடி அமுக்குவார்கள். தண்ணீர் தெறித்து இருவர் நெஞ்சிலும் முகத்திலும் வழிந்தது. அத்தை தூணில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியப்பா முதலில் எடுத்து உதறினார். கறை இருந்தது. மாமா தன் பாதியை ரப்பர் உருளைகளுக்குள் கொடுத்துத் திருகினார். மறுபக்கம் சேலை நசுங்கித் தட்டையாக வெளியே வந்தது. அரக்கு நிறச் சுங்குடி, வெள்ளைப் புள்ளிகள். அதன் நடுவில் அந்தக் கறை. மாமாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

“போகலையா?” என்றாள் அத்தை. “இன்னும் ஒரு தடவை ஆட்டிப் பாருங்க. இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரே தடவைன்னு எங்கிட்டச் சொன்னீகளே.”

மாமா உருளையிலிருந்து கையை எடுத்தார். துணியை விட்டுவிட்டு, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, மாட்டைப் பூட்டினார். தொட்டியை ஏற்றக்கூட நிற்கவில்லை. வண்டி தெருமுனை திரும்பியது. நாய் பின்னால் ஓடியது.

“எந்த மிசின்லயும் வாழைக்கறை போகாது. ரெண்டும் சமம்னு விட்டுட்டுப் போறதை விட்டுட்டு, இதுக்குப் போயி மாப்ள கோவிச்சுக்கிட்டுப் போறாரே” என்றார் பெரியப்பா.

“அது வாழைக்கறைன்னு நான் சொன்னேனாண்ணே?”

பெரியப்பா அத்தையைப் பார்த்தார். பிறகு தன் இரண்டு கைகளையும் பார்த்தார். நேரே வாய்க்காலுக்கு நடந்தவர் உச்சி வெயிலில் தலையோடு முங்கி எழுந்து, சொட்டச் சொட்ட வந்து வாசலில் நின்றார். “அவ இங்கனதான் இருப்பா. இனி எவனும் இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது” என்றார். வெயிலுக்குக் குளித்திருக்கிறார் என்று நினைத்தேன். தொட்டியைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

அம்மாவைக் கூட்டிப்போக வண்டி வரும் என்று தினமும் தெருவைப் பார்த்தேன். வரவில்லை. பந்தயத்தில் தோற்ற வெட்கத்தில் மாமா வராமல் இருக்கிறார் என்று முடிவு செய்தேன். அத்தை எங்களோடே இருந்தாள். தன் பங்கு நிலத்தை அண்ணன்மாரிடம் கேட்டு வாங்கி, தானே நின்று விவசாயம் பார்த்தாள். செம்புத்தொட்டியின் நெம்புகோலைக் கழற்றி எறிந்துவிட்டு, அதில் மாடுகளுக்குக் கழுநீர் வைத்தாள். சாகும் வரை நிமிர்ந்துதான் நடந்தாள்.

என் தலைப்பிரசவத்துக்கு நான் தாய்வீடு வந்திருந்தபோதுதான் அம்மா சொன்னாள். பல வருஷம் கழித்து அத்தை வயிற்றில் ஒன்று தங்கியிருக்கிறது. இடுப்பு விட்டுப்போகிறது, முடியவில்லை என்று அவள் சொல்லச் சொல்ல, போடியிலிருந்து ஆள் வந்திருக்கிறது, இன்னும் ஒரே தடவை என்று மாமா இழுக்க வைத்திருக்கிறார். நாற்காலிகளில் ஆட்கள் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போதே அவள் கால் வழியே இறங்கியிருக்கிறது. அந்த மாதிரித் துணியை வெளுக்கிற அம்மாளிடம் போட்டுவிடுவதுதான் வழக்கம். ஆண்கள் கண்ணிலேயே படக்கூடாது. அத்தை போடவில்லை. மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். அந்தச் சுங்குடி, மதுரைத் திருவிழாவில் மாமா ஆசையாக வாங்கிக் கொடுத்தது.

இதையெல்லாம் எட்டு வயதில் புரிந்துகொள்ளவில்லை என்று எனக்கு வருத்தம் இல்லை. எப்படிப் புரியும்? எனக்குப் புரியாமல் போன இன்னொன்றுதான் இன்றும் என்னை விடவில்லை. அத்தை தங்கிவிட்டால் அம்மா போக வேண்டும் என்ற கணக்கு எனக்கே தெரிந்திருந்தது. அம்மாவுக்குத் தெரியாதா? அவளிடம் மட்டும் அத்தை எல்லாவற்றையும் முன்பே சொல்லியிருந்தாள். அந்தச் சேலையைப் பார்த்தபின் மாமா வாயடைத்துப்போவார் என்று யார் கண்டது? எல்லாம் போனாலும் போகட்டும் என்றுதான் அம்மா அதை எடுத்து வந்தாள். அப்போது அவள் முந்தானை என் கையில் இருந்தது. கிழிக்க அவள் இரண்டு கையையும் தாராளமாக வீச வேண்டியிருந்தது. என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து விலக்கிவிட்டுத்தான் கிழித்தாள்.