சண்டையே போடாமல் பிரிந்தவர்கள்

மகளும் மாப்பிள்ளையும் செம்பூரில் இருந்தார்கள். பார்த்துவிட்டு வரலாமென்று தாராவியிலிருந்து பஸ் ஏறினேன். வழியெல்லாம் ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். நான் பம்பாய்க்கு வந்த நாளிலிருந்து அந்த ரோட்டைத் தோண்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மாப்பிள்ளைதான் டீ போட்டுக் கொடுத்தார். எனக்குச் சர்க்கரை கம்மியாக வேண்டுமென்று அவருக்குத் தெரியும். மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"யப்பா, நாங்க டைவர்ஸ் வாங்கப் போறோம்."

டீ வேட்டியில் கொட்டிவிட்டது. மாப்பிள்ளை ஓடிவந்து துடைத்தார்.

"கை நீட்டிட்டீங்களா மாப்ள?"

"ஐயோ மாமா, லஃப்டா, தகராறு ஒண்ணும் இல்ல."

"அப்ப குடியா?"

மகள் சிரித்துவிட்டாள். "இவரா? பீர் வாசனைக்கே தும்முவாரு. யாரு மேலயும் தப்பில்லப்பா. இது அமிக்கபிள்."

"அது என்ன எழவுட்டி?"

மாப்பிள்ளை பொறுமையாகச் சொன்னார். "சண்டை சச்சரவு இல்லாம, ரெண்டு பேரும் இணக்கமா பேசி முடிக்கிறது மாமா. அண்ணன் தம்பி ராசியா வீட்டப் பிரிச்சுக்கிட்டாலும் வக்கீல் அந்த வார்த்தைதான் சொல்வாரு."

"இம்புட்டு இணக்கமா இருக்கவிய என்னத்துக்குப் பிரியுதிய?"

"ஒரே ரூம்ல ரெண்டு வாடகைக்காரங்க மாதிரி இருக்கோம்ப்பா. பேச ஒண்ணுமில்ல" என்றாள்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. எங்கள் சந்தில் புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு தடவை ஒருத்தி புருஷன் மேல் விட்டெறிந்த குக்கர் எதிர்வீட்டுத் தகரக் கூரையில் போய் விழுந்தது. அவனைத் திட்டினோம், அவளைத் திட்டினோம். அழுது முடித்து, சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்து கறி வாங்கப் போனார்கள். கோபம் இருந்தால் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிடலாம். இங்கே எதைப் பிடிப்பது?

"என்ன கொறன்னு சொல்லு, நான் பேசுதேன்."

"கொற இருந்தாத்தானேப்பா சொல்ல."

"உங்கம்மைக்கு நான் என்னத்தச் சொல்லட்டும்?"

"ஞாயித்துக்கிழம நானே வந்து அத்தைகிட்ட சொல்றேன் மாமா" என்றார் மாப்பிள்ளை. என்னைக் கெட்டியாகக் கட்டிக்கொள்வாரோ என்று பயந்தேன். அவ்வளவு நல்ல முகம்.

இரண்டு பேருமே பஸ் ஸ்டாப் வரை வந்தார்கள். மாப்பிள்ளை முன்னால் ஏறி, கண்டக்டரிடம் ஹிந்தியில் பேசி, எனக்கு ஜன்னல் சீட் பிடித்துக் கொடுத்துவிட்டு இறங்கினார். பஸ் நகர்ந்தபோது பக்கத்தில் பக்கத்தில் நின்று கையசைத்தார்கள். ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றிருந்தாலாவது, நாளைக்கு மறுபடி வந்து பேசிப் பார்க்கலாமென்று இருந்திருப்பேன்.