புல் விதைக்குக் கட்டிய பந்தல்

பேய் என்றால் எனக்குப் பயமே கிடையாது என்று ஐந்தாம் வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். அந்தச் செய்தி பேய்களுக்கும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

அந்த வருஷம் மழைக்காலத் தொடக்கத்தில் சித்தியின் கைக்குழந்தை இறந்துபோனது. காட்டுப்பாக்கத்தில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள். முறம் அகலத்துக்கு ஒரு மண்மேடு, அவ்வளவுதான். மழை அதைக் கரைத்துவிட்டால் கல்லறைத் திருநாளன்று மெழுகுவத்தி ஏற்ற இடமே தெரியாது. புல் முளைத்தால் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும் என்று, அம்பத்தூரில் ஒரு கம்பெனித் தோட்டத்தில் வேலை பார்த்த சித்தப்பா டிபன் பாக்ஸில் புல் விதை கொண்டுவந்தார். சித்தி தூவினாள். மறுநாளே வானம் பொத்துக்கொண்டது.

யூரியா சாக்கைப் போர்த்திக் கல் வைத்தாள். காற்று அதைத் தூக்கிப்போய்ப் பக்கத்துச் சிலுவைக்குச் சட்டையாக மாட்டிவிட்டது.

"தண்ணி ஊத்துனாதானே சித்தி மொளைக்கும்? இன்னாத்துக்கு மூடுற?" என்று பெரிய அறிவாளியாகக் கேட்டேன்.

"இது தண்ணி இல்லடி, அடி. வெதைய அடிச்சினு பூடும்."

அன்று மத்தியானம் மழை இன்னும் வலுத்தது. "உங்க சித்தி அங்கியே நனைஞ்சினு கீறா, போய் இட்டுனு வா" என்று அம்மா குடையைக் கொடுத்து அனுப்பினாள்.

பட்டப்பகல், ஆனால் விளக்கு வைக்கும் நேரம் போல இருட்டு. மேட்டைச் சுற்றி நான்கு குச்சி நட்டுத் தன் நைலக்ஸ் சேலையைப் பந்தலாகக் கட்டியிருந்தாள் சித்தி. மழைநீர் தேங்கி, நடுவில் தொய்ந்து, உள்ளே ஒரு பிள்ளை படுத்திருக்கும் கனத்தில் தூளி மாதிரி ஆடிக்கொண்டிருந்தது சேலை. சித்தி பக்கத்தில் குந்தியிருந்தாள். அடியில் உள்ளங்கையைக் கொடுத்து மெல்ல மெல்ல ஆட்டித் தண்ணீரை ஓரமாக வழியவிட்டாள். ஒவ்வொரு முறை ஆட்டும்போதும், "ச்சூ... ச்சூ..." என்றாள்.

குடை ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம், என் வீரம் ஒரு பக்கம். "தூளில கொழந்த கீது!" என்று அலறிக்கொண்டு வீட்டுக்குள் விழுந்தேன். அம்மா என் வாயைப் பொத்துவதற்குள் சித்தியும் பின்னாலேயே வந்துவிட்டாள், என் செருப்பைக் கையில் பிடித்தபடி.

"அழுவுச்சா?" என்று கேட்டாள்.

என்னைக் கிண்டல் செய்கிறாள் என்று நினைத்தேன். விடுவேனா? "இல்ல சித்தி, நல்லா தூங்குச்சு" என்றேன்.

"அப்டியா" என்று தலையாட்டினாள். அன்றைக்குத்தான், பல நாள் கழித்து, வயிறாரச் சாப்பிட்டாள்.

கல்லறைத் திருநாளன்று மேடு கரையாமல் இருந்தது. மேலே ஊசி ஊசியாகப் புல். எல்லோரும் ஜெபம் சொல்லிக்கொண்டிருக்கும்போது சித்தி என்னை இழுத்துக் காதோரம் குனிந்தாள்.

"இப்ப இன்னாடி பண்ணுது?"

புல்லைப் பார்த்தேன். "பல்லு மொளைக்குது சித்தி."

சித்தி சிரித்தாள். ஜெபம் நின்று, எல்லோரும் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு, நிறுத்த முடியாமல் சிரித்தாள். என் ஜோக்குக்கு யாரும் அப்படிச் சிரித்ததே இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா ஏன் அழுகிறாள் என்பதும்தான்.