அக்கா செத்துப்போனதாக வந்த கனவு

ஆண்டாளை நம்பி வாழும் எல்லோருக்கும் என் வணக்கம். பிள்ளை வரம், வேலை, கல்யாணம் என்று அவளிடம் பெற்றதை நீங்கள் சொல்கிறீர்கள். நான் சொல்லப்போவது ஒரு கெட்ட கனவைப் பற்றி. கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன்.

என் வீடு ராஜபாளையத்தில். கணவர் ராணுவத்தில் இருக்கிறார். வருடத்துக்கு ஒருமுறைதான் வருவார். அவருடைய அண்ணன் மனைவி கோமதி அக்காவும் நானும் ஒரே வீடு, ஒரே அடுப்படி. அந்த அடுப்படியில்தான் என் உயிர் போனது. நான் கோலம் போட்டு எழுந்தால், கோணல் என்று அழித்துவிட்டு அக்கா வேறு போடுவார். குழம்பை இறக்கிவைத்தால், ருசிகூடப் பார்க்காமல் உப்பு அள்ளிப் போடுவார். குளித்துக்கொண்டிருக்கும்போது மோட்டாரை நிறுத்திவிடுவார். கண்ணில் சோப்பு எரிய நான் கத்தினால் வெளியிலிருந்து பதில் வரும்.

"எம்புட்டு நேரமாட்டி குளிப்ப? அதுக்குள்ள தேரே நிலைக்கு வந்துரும்!"

போனில் கணவரிடம் அழுதால், "அண்ணி அப்படித்தான். நீ அட்ஜஸ்ட் பண்ணிப் போ" என்பார். இந்த ஒரு வார்த்தை மட்டும் எல்லோருக்கும் எவ்வளவு சுலபமாக வருகிறது! எல்லையில் நிற்பவர் ஒரு வாரம் இந்த அடுப்படியில் நின்று பார்க்கட்டும்.

மாதாமாதம் ஆண்டாள் பிறந்த பூர நட்சத்திரத்தன்று பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போவேன். "தாயே, எனக்கு ஒரு தனி அடுப்படி கொடு." இதுதான் வேண்டுதல். அவள் கையில் கிளியை வைத்துக்கொண்டு சிரித்தபடியே நின்றாள். எனக்கு அவள் மேலும் எரிச்சல் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் கனவு வர ஆரம்பித்தது. வாசலில் பந்தல் போட்டிருக்கிறது. அக்கா செத்துக் கிடக்கிறார். நான் உள்ளே நிம்மதியாகச் சமைத்துக்கொண்டிருக்கிறேன். விழித்தால் மனம் லேசாக இருக்கும். அந்த லேசுதான் என்னைப் பயமுறுத்தியது. ஒருவர் சாவைப் பார்த்துச் சந்தோஷப்படும் அளவுக்குக் கெட்டவளா நான்? திரும்பத் திரும்ப அதே கனவு வந்தது. யாரிடம் சொல்ல முடியும்?

பக்கத்து வீட்டு ரமணியம்மாவிடம், செத்தது யார் என்று சொல்லாமல் மெல்லக் கேட்டுப் பார்த்தேன். "சாவைக் கனவுல கண்டா அவங்களுக்கு ஆயுசு கூடும்லா. நல்லதுதாம்மா" என்றார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பகலெல்லாம் திட்டும் வாங்கிக்கொண்டு, ராத்திரியெல்லாம் அவருக்கு ஆயுசையும் கூட்டிக்கொண்டிருக்கிறேனா? நல்ல கூத்து!

போன ஐப்பசியில் அக்காவுக்கு உதிரப்போக்கு நிற்கவே இல்லை. கர்ப்பப்பையில் கட்டி, உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் உயிருக்கு ஆபத்து என்று மதுரையில் டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா முடியவே முடியாது என்று வீட்டுக்குத் திரும்பிவிட்டார். அவருடைய அம்மா இதே ஆபரேஷனுக்குப் போய்த்தான் திரும்பி வரவில்லையாம். இத்தனை வருடம் ஒன்றாக இருந்தும் அன்றைக்குத்தான் எனக்கு அது தெரியும். அவர் கணவர் கெஞ்சினார். என் கணவர் போனில் கெஞ்சினார். அக்கா அசையவில்லை. முகம் நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டே போனது. என் கனவு பலித்துவிடுமோ என்ற பயம் எனக்கு.

பூரம் வரும்வரை காத்திருக்கவில்லை. ஓடினேன். சன்னதியில் நின்று வாய்விட்டே கத்திவிட்டேன். "நான் அடுப்படிதானே கேட்டேன்? இதையா கேட்டேன்? அந்தக் கனவை நீயே எடுத்துக்கோ. எனக்குப் பேசத் தெரியலை. நீயே பேசி அவங்களைக் கிளப்பு!" சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நின்றேன்.

வீட்டுக்கு வந்தபோது அக்கா அடுப்படிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "நான் செத்துருவேன்ட்டி" என்றார். அந்தக் குரலில் அதட்டல் இல்லை. சத்தியமாக நான் எதுவும் யோசிக்கவில்லை. வாய் தானாகத் திறந்தது.

"நீங்களா? நீங்க செத்துப்போன மாதிரி நான் எத்தனை கனவு கண்டுருக்கேன் தெரியுமாக்கா? கனவுல செத்தா ஆயுசு கூடுமாம்லா. அம்புட்டையும் உங்களுக்குத்தான் கூட்டி வச்சிருக்கேன்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அக்கா என்னையே பார்த்தார்.

"அடிப்பாவி! அம்புட்டு ஆசையாட்டி உனக்கு?" தோளில் கிடந்த துண்டை எடுத்து என்னை அடித்தார். அடித்துக்கொண்டே சிரித்தார். சிரிப்பு அழுகையானது. நானும் அழுதேன்.

"நெசமாவே கண்டியா?"

"ஆண்டாள் மேல சத்தியமா."

"அப்போ வண்டியச் சொல்லு. போவோம்."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மயக்கம் தெளிந்ததும் என்னைப் பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி, "ஏட்டி, கேஸ் சிலிண்டரை மூடிட்டு வந்தியா?" ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் நான் ஓவென்று அழுதுவிட்டேன்.

அக்கா திருந்திவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். இன்று காலையும் என் சாம்பாரில் உப்பு விழுந்தது. இப்போது நான், "கையை எடுங்கக்கா" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறேன். அவரும் திட்டுகிறார், நானும் திட்டுகிறேன். அந்தக் கனவு அதற்குப் பிறகு வரவில்லை. தனி அடுப்படியும் வரவில்லை.

உங்கள் வீட்டிலும் ஒரு கோமதி அக்கா இருப்பார். மனதில் உள்ள அழுக்கை மறைத்துக்கொண்டு நல்லவளாகச் சன்னதியில் நிற்காதீர்கள். உள்ளதை உள்ளபடி கொட்டுங்கள். அவள் முகம் சுளிக்க மாட்டாள். நான் கண்டவள், அதனால் சொல்கிறேன்.

வருகிற பூரத்துக்கு அக்காவும் என்னோடு ஸ்ரீவில்லிபுத்தூர் வருகிறார். சேலையை இப்படியா கட்டுவாய் என்று பஸ்ஸில் வழி முழுக்கச் சொல்லிக்கொண்டேதான் வருவார். தாயே, அதையும் நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.